திசையின் உண்மை கண்ட கிறிஸ்தியான் ஹைகன்ஸ்

ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் 1629 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் பிறந்தார். தந்தையார் அரசவைச் செயலாளர், கவிஞர், பேரறிஞர் டேக்கார்ட்டின் நண்பர். ஆதலின் டேக்கார்ட் 1644 இல் வெளியிட்ட தத்துவநூல் இளைஞர் ஹைகன்ஸின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது.

பொருள்களின் மோதுகைக்கு அந்நூல் ஏழு விதிகளை வகுத்திருந்தது. பொருளின் பருமையைக் கதியாற் பெருக்கிவரும் தொகை என்றும் மாறாது என்பதே அவற்றின் அடிப்படை. திசை அங்கே கணிக்கப்படவில்லை. ஓய்விலுள்ள பெரும்பொருளைச் சிறுபொருள் ஒருபோதும் அசைக்காது என்றும் ஒரு விதி கூறிற்று. டேக்கார்ட் 1650 இல் மறைந்தார். 1652 இல், தமது இருபத்துமூன்றாம் வயதில், ஹைகன்ஸ் இவ்விதிகளை ஐயுறத் தொடங்கினார்.

அவர் கையாண்ட உவமை எளியது. சமமான இரு வன்பந்துகள் சமகதியுடன் எதிரெதிரே வந்து மோதினால் அதே கதியுடன் மீளும். ஓடும் படகில் ஒருவர் இதனைச் செய்கிறார் எனவும், படகின் கதியும் பந்தின் கதியும் ஒன்றே எனவும் கொள்வோம். கரையில் நிற்பவருக்கோ ஒரு பந்து ஓய்ந்திருக்க, மற்றது இருமடங்கு கதியுடன் வந்து மோதுவதாகத் தோன்றும். மோதியபின் வந்த பந்து நிற்கும். நின்ற பந்து அக்கதியுடன் செல்லும். நிகழ்ச்சி ஒன்றே; காண்பவர் நிலையே வேறு.

இவ்வழியே, எத்துணைச் சிறிய பொருளும் எத்துணைப் பெரிய பொருளையும் அசைக்கும் என அவர் நிறுவினார். எதிர்த்திசை இயக்கத்தைக் கழித்துக் கணித்தாலே இயக்கத்தொகை மாறாதிருக்கும் என்றும், வன்பொருள்களில் பருமையைக் கதியின் வர்க்கத்தாற் பெருக்கிவரும் தொகையும் மாறாது என்றும் கண்டார்.

1656 அளவில் ஆய்வு நிறைவுற்றும் அவர் அதனை வெளியிடவில்லை. இலண்டன் ரோயல் சங்கம் 1669 சனவரியில் வாலிஸ், ரென் ஆகியோரின் கட்டுரைகளை மாத்திரம் அச்சிட்டது. மனம் வருந்திய ஹைகன்ஸ் அவ்வாண்டு மார்ச்சில் தம் முடிபுகளைப் பாரிஸ் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். 1695 இல் அவர் மறைந்தார். முழுநூல் 1703 இலேயே அச்சேறியது.

அந்நூல் நேர்மோதுகையையே ஆராய்ந்தது. எனினும் தளமொன்றிற் சாய்வாக நிகழும் மோதுகைக்கும் அவ்விரு உண்மைகளே போதும். சமதிணிவுள்ள இரு கரம் காய்களில் ஓய்ந்திருப்பதை மற்றது சாய்வாக மோதட்டும். மோதியபின் உள்ள இரு உந்தங்களையும் திசையோடு கூட்டினால் முன்னிருந்த உந்தம் கிடைக்கும். ஆகவே மூன்றும் ஒரு முக்கோணியின் பக்கங்களாகும். மோதுகை பூரண மீள்தன்மையுடையதாயின் கதிவர்க்கங்களின் கூட்டுத்தொகையும் மாறாது. எனவே, பைதகரஸின் தேற்றப்படி அம்முக்கோணி செங்கோணமுடையது. காய்கள் செங்கோணத்திற் பிரியும். மீள்தன்மை குறையின் அக்கோணமும் குறையும்.

பெரியோரை மதித்தல் வேறு. அவர் கூற்றை ஆராயாது ஏற்றல் வேறு. ஆய்வுகூடத்தில் உந்தக் காப்பு விதியைச் சோதிக்கும் எம் மாணவர், இவ்விரண்டையும் பிரித்தறிந்த இளைஞர் ஒருவரின் துணிவையும் நினைவிற் கொள்வாராக.