எண்களில் இன்பங் கண்ட உபாத்தியாயர்

பெருஞ்செல்வமும் உயர்பட்டமும் இன்றியும் கல்வியின்பம் எய்தலாம் என்பதற்குத் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேக்கர் என்னும் பெரியாரின் சரிதமே சான்றாம். இவர் 1905-ஆம் ஆண்டு தஹானு என்னும் ஊரிற் பிறந்தவர். 1930 முதல் 1962 வரை நாசிக்கையடுத்த தேவ்லாலியிற் பள்ளி உபாத்தியாயராக விளங்கியவர். கணிதப் புலவர் பலர் முதலில் இவருடைய ஆராய்ச்சியைப் பொருட்படுத்திலர். ஆயினும் இவர் சோர்ந்தாரல்லர். 11, 111 என்பவற்றின் வர்க்கங்களாகிய 121, 12321 போன்ற எண்களை ஆராயும் எண்ணம் இவருக்குத் தோன்றியது பம்பாயையடுத்த ஒரு புகைவண்டி நிலையத்தில். அந்நிலையத்தின் பெயரையே தழுவி அவற்றை டெம்லோ எண்கள் என்றார்.

1949-இல் இவர் வெளியிட்ட முறை யாவர்க்கும் எளிது. நான்கிலக்க எண்ணொன்றை எடுத்துக்கொள்க. நான்கும் ஒரே இலக்கமாதல் ஆகாது. இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அமைத்துப் பெரியதினின்று சிறியதைக் கழிக்க. விடை மூன்றிலக்கமாயின் முன்னே சுழியிடுக. அதனையும் அவ்வாறே கழிக்க. 3524 எனின் 3087, 8352, 6174 என வரும். எவ்வெண்ணும் ஏழு படிகளுக்குள் 6174-ஐ அடைந்து அங்கேயே நிலைபெறும்.

1975-இல் அமெரிக்கத் திங்களிதழொன்று இவர் பெருமையை உலகறியச் செய்தது. 1986-இல் இவர் மறைந்தார்.

நம் சிறார் கணக்கென்றால் அஞ்சுவராயின், பெற்றோர் இக்கழித்தலை அவர்க்கு விளையாட்டாக அளிப்பாராக. அச்சம் நீங்கிய இடத்தே அறிவு தானே வளரும்.