யாரு பெரிய ஆளு? தியான் சந்தை எந்த அளவுகோல்ல அளக்குறது

கே.கே. நகர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்களுக்கு இது பழகின சண்டை. ராத்திரி புரோட்டா கடையில உட்கார்ந்தா ஜோர்டானா லெப்ரானான்னு ஆரம்பிக்கும். நடுவுல ஒருத்தன் 1962-ல ஒரே மேட்ச்ல 100 பாயிண்ட் போட்ட வில்ட் சேம்பர்லெயினை இழுத்துட்டு வருவான். அந்த மேட்சுக்கு வீடியோவே கிடையாது. அப்புறம் யாரு என்ன பதில் சொல்ல? சால்னா ஆறிப்போறதுதான் மிச்சம்.

2025 கடைசியில நம்ம ரேஸ்கோர்ஸ் பக்கம் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை மேட்ச் நடந்தப்போ, அதே சண்டை ஹாக்கிக்கு மாறுச்சு. தியான் சந்த் இன்னிக்கு இந்தச் செயற்கைத் தரையில ஆடியிருந்தா தாக்குப் பிடிச்சிருப்பாரா? கேள்வி நியாயமானதுதான். அதுக்கு முதல்ல அந்த மனுஷன் யாருன்னு தெரியணும்.

1905 ஆகஸ்ட் 29, அலகாபாத்ல பிறந்தார். அப்பா ராணுவத்துல இருந்தவர். ஊர் ஊரா மாற்றல், அதனால படிப்பு ஆறாம் வகுப்போட நின்னுபோச்சு. கடைசியில ஜான்சி சொந்த ஊரு மாதிரி ஆயிடுச்சு. 1922-ல சிப்பாயா சேர்ந்த பிறகுதான் ஹாக்கி மட்டையை ஒழுங்கா பிடிச்சார். பாலே திவாரிங்கிற சுபேதார் மேஜர்தான் முதல் குரு. பகல்ல டியூட்டி, ராத்திரி நிலா வெளிச்சத்துல பயிற்சி. தியான் சிங்கா இருந்தவரு சந்த் ஆனது இந்த நிலாவாலதான்னு சொல்லுவாங்க.

1926-ல ராணுவ அணி நியூசிலாந்து போச்சு. 21 மேட்ச்ல 18 ஜெயம், ஒண்ணே ஒண்ணு தோல்வி. திரும்பி வந்ததும் சிப்பாய் லான்ஸ் நாயக் ஆனார். ரெண்டு வருஷம் கழிச்சு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ். இந்தியா அஞ்சு மேட்ச்ல 29 கோல் அடிச்சுது, ஒண்ணுகூட வாங்கல. அதுல 14 தியான் சந்தோடது.

1932 லாஸ் ஏஞ்சல்ஸ்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுற வருஷம். அமெரிக்காவை 24-1. தியான் சந்த் 8, தம்பி ரூப் சிங் 10. கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்த ஒலிம்பிக்ஸ்ல ஹாக்கிக்கு வந்ததே மூணு அணி. பிரிட்டன் 1928-லயும் வரல, 1932-லயும் வரல, 1936-லயும் வரல. அதனால என் கணக்குல அந்த 24-க்குப் பெரிய மார்க் கிடையாது. கோலை மட்டும் எண்ணினா, 1952 ஒலிம்பிக் ஃபைனல்ல இந்தியா அடிச்ச 6-ல 5-ஐ தனியா அடிச்ச பல்பீர் சிங்தான் பெரிய ஆளு. 1948-ல வெம்ப்ளியில பிரிட்டனை 4-0 ஜெயிச்ச அணியிலயும் அவர் இருந்தார்.

என்னை யோசிக்க வச்சது 1936 பெர்லின். தியான் சந்த் கேப்டன். ஒலிம்பிக்ஸுக்கு முன்னாடி நடந்த பயிற்சி ஆட்டத்துல ஜெர்மனி 4-1-ன்னு இந்தியாவைத் தோற்கடிச்சிடுச்சு. அணியே ஆடிப்போச்சு. ஊர்ல இருந்து அலி தாராவை அவசரமா வரவழைச்சாங்க. அவர் செமி ஃபைனலுக்குத்தான் வந்து சேர்ந்தார். ஃபைனல்ல எதிரே நின்னது அதே ஜெர்மனி. மழையால ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15-ல நடந்துச்சு. ஆட்டத்துக்கு முன்னாடி டிரெஸ்ஸிங் ரூம்ல மூவர்ணக் காங்கிரஸ் கொடிக்கு அணி சல்யூட் அடிச்சுது. அடிச்சவர்களில் பலர் வெள்ளைக்காரன்கிட்ட சம்பளம் வாங்கினவங்க, கேப்டனையும் சேர்த்து. பாதி ஆட்டத்துல 1-0 மட்டுமே. ஈரத் தரையில கால் வழுக்குதுன்னு அவர் ஆணி ஷூவைக் கழற்றிட்டு ஆடினாராம். முடிவுல 8-1. ஹிட்லர் வேலை கொடுக்கிறேன்னு கூப்பிட்டது, மட்டையை உடைச்சுக் காந்தம் தேடினது, இந்தக் கதைகளை எல்லாம் நான் கணக்குல சேர்க்கல. அந்த 4-1-க்கும் 8-1-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசமே எனக்குப் போதும்.

தரைக்கு வருவோம். 1976 மான்ட்ரியல்ல இருந்து ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறிடுச்சு. பந்து சீராவும் வேகமாவும் ஓடும், ஆள் மாத்தி ஆள் இறக்கிக்கலாம், ஆஃப்சைடும் இப்போ கிடையாது. தியான் சந்துக்கு மேடுபள்ளப் புல்தரை, ஆஃப்சைடு விதி, மாற்று ஆட்டக்காரர் இல்லாம முழு ஆட்டம். இன்னிக்கு இருக்கிற ஓட்டப் பயிற்சி அவருக்கு இல்லை. அந்தப் புல்லுல துள்ளுற பந்தை மட்டையில ஒட்டவைக்கிற வேலை இன்னிக்கு இருக்கிறவங்களுக்கு இல்லை. ரெண்டு வேற சிலபஸ். ஒரே பேப்பர்ல எப்படித் திருத்துறது?

1956-ல மேஜரா ஓய்வு பெற்றார், அதே வருஷம் பத்ம பூஷண். பாட்டியாலாவுல பயிற்சியாளரா இருந்தார். 1975 உலகக் கோப்பை ஃபைனல்ல பாகிஸ்தானுக்கு எதிரா வெற்றி கோல் அடிச்ச அசோக் குமார் இவர் மகன். ஆனா கடைசிக் காலம் கையில காசு இல்லாத காலம். ஈரல் புற்றுநோயோட டெல்லி எய்ம்ஸ்ல பொது வார்டுல படுத்திருந்தார். 1979 டிசம்பர் 3-ல இறந்தார்.

பிறந்தநாளைத் தேசிய விளையாட்டு நாள் ஆக்கினோம். 2021-ல கேல் ரத்னா விருதுக்கு அவர் பேரை வச்சோம். பாரத ரத்னா 2014-ல சச்சினுக்குப் போச்சு, விளையாட்டுல இருந்து முதல் ஆளா. யாருக்கு முதல்ல கொடுத்திருக்கணும்னு அப்போ டிவியில நடந்ததும் நம்ம புரோட்டா கடைச் சண்டைதான்.

ஜான்சியில அவர் ஆடி வளர்ந்த ஹீரோஸ் மைதானத்துலயே அவரைத் தகனம் பண்ணினாங்க.