அமெரிக்கா ஃபர்ஸ்ட் அன்றே சொன்னவர்: ரூஸ்வெல்ட்டை விடாமல் துரத்திய பத்திரிகை முதலாளி... யார் இந்த கர்னல் மெக்கார்மிக்?

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ரயில் பெட்டியின் பின்பக்க மேடையில் நின்றுகொண்டு, வாயெல்லாம் பல்லாக ஒரு நாளிதழைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார் ஹாரி ட்ரூமன். அதிபர் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்துவிட்டார் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தலைப்பு. ஆனால் ஜெயித்தது ட்ரூமன். 303 தேர்வாளர் வாக்குகள் அவருக்கு, 189 டூயிக்கு.

1948 நவம்பரில் நடந்த கூத்து இது. அச்சுக்கோப்பவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் பக்கங்களை வழக்கத்தைவிட முன்கூட்டியே முடிக்க வேண்டிய கட்டாயம். மூத்த வாஷிங்டன் நிருபரின் கணிப்பை நம்பி அடித்துவிட்டார்கள். காரணம் அது மட்டும்தானா? டூயிதான் ஜெயிப்பார் என்று அந்த அலுவலகத்தில் யாரும் சந்தேகப்படவே இல்லை. ஒரு ஜனநாயகக் கட்சி அதிபர் ஜெயிப்பதை அந்த நாளிதழ் விரும்பியதே கிடையாது.

நாளிதழின் பெயர் சிகாகோ ட்ரிப்யூன். அதை நடத்தியவர் ராபர்ட் ஆர். மெக்கார்மிக். எல்லோருக்கும் அவர் 'கர்னல்'.

இன்று அமெரிக்காவில் ஊடகங்கள் எல்லாம் எங்களுக்கு எதிரி என்று புலம்புவது வலதுசாரிகள். 1930களில் கதை தலைகீழ். பெரும்பாலான பத்திரிகை முதலாளிகள் எனக்கு எதிராக நிற்கிறார்கள் என்று புலம்பியவர் ஜனநாயகக் கட்சி அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய அந்தப் பட்டியலில் மேலே இருந்த பெயர்களில் ஒன்று மெக்கார்மிக்.

தாத்தா கொடுத்த பத்திரிகை

1880ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்தார். அப்பா வழியில், அறுவடை இயந்திரத்தால் பெரும்பணம் சேர்த்த சைரஸ் மெக்கார்மிக் குடும்பம். அம்மாவின் அப்பா ஜோசப் மெடில், ட்ரிப்யூனை வளர்த்தெடுத்தவர், லிங்கனை அதிபராக்கப் பாடுபட்ட குடியரசுக் கட்சிக்காரர். அப்பா வெளிநாட்டுத் தூதர் என்பதால் சிறுவயதில் லண்டன் வாசம். பிறகு க்ராட்டன் என்ற பணக்காரப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி. அதே பள்ளியில் சில வகுப்புகள் பின்னால் படித்த பையன்தான் ரூஸ்வெல்ட். பின்னாளில் இருவரும் ஒருவரை ஒருவர் அந்த அளவு வெறுத்ததற்கு இந்தப் பழைய பரிச்சயமும் ஒரு காரணம் என்பார்கள்.

யேல், சட்டப்படிப்பு, 1904இல் சிகாகோ நகர மன்ற உறுப்பினர், அடுத்த ஆண்டே நகரின் கழிவுநீர் வாரியத் தலைவர். அரசியலிலேயே போயிருக்க வேண்டியவர். 1911இல் ட்ரிப்யூன் நிறுவனத்தின் தலைவரானதும் பாதை மாறிவிட்டது. முதல் உலகப் போரில் பிரான்ஸில் பீரங்கிப் படையில் பணியாற்றி கர்னல் ஆனார். போர் முடிந்து திரும்பியதும், தாத்தா விட்டுச் சென்ற பண்ணைக்குப் போர்க்களக் கிராமமான கான்டிக்னியின் பெயரையே வைத்தார்.

வியாபாரத்தில் ஆள் கில்லாடி. காகிதத்துக்கு யாரிடமும் கை ஏந்தக் கூடாது என்று கனடாவில் காகித ஆலை கட்டினார். கியூபெக்கில் பெ கோமோ என்ற ஊரே அப்படி முளைத்ததுதான். உலகின் மிகச் சிறந்த செய்தித்தாள் என்று ட்ரிப்யூன் தன்னைத்தானே அழைத்துக்கொண்டது. அந்த ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளையே 1924இல் தன் வானொலி நிலையத்துக்கு வைத்தார்: டபிள்யூஜிஎன். அடக்கம் என்ற சொல் அவர் அகராதியில் இல்லை. உலகம் முழுக்க நடத்திய கட்டடக் கலைப் போட்டியில் தேர்வான வடிவத்தில் எழுந்தது ட்ரிப்யூன் டவர். அதன் வெளிச்சுவரில் உலகப் புகழ்பெற்ற கட்டடங்களின் துண்டுகளைப் பதித்தார்கள். தாஜ்மகால் துண்டும் அதில் உண்டு.

செய்தியா, சண்டையா?

ரூஸ்வெல்ட் 1933இல் பதவியேற்றதும் கொண்டுவந்த திட்டங்கள் (வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், தொழிற்சங்க உரிமை) மெக்கார்மிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மத்திய அரசு பெருத்தால் தனிமனித சுதந்திரம் சுருங்கும், வரி ஏறும், கடைசியில் சர்வாதிகாரம் வரும் என்பது அவர் கட்சி. இன்றைய அமெரிக்கப் பழமைவாதிகளின் வாதத்தில் பாதி இங்கேயே இருக்கிறது. அது ஒரு நியாயமான அரசியல் கருத்து, அதில் தப்பில்லை. பிரச்சினை, அந்தக் கருத்து தலையங்கத்தோடு நிற்காமல் செய்திப் பக்கத்துக்குள் புகுந்ததுதான்.

1936 தேர்தல் நேரத்தில் ட்ரிப்யூனுக்கு போன் போட்டால், நாட்டைக் காப்பாற்ற இன்னும் இத்தனை நாள்தான் இருக்கிறது என்று எண்ணிச் சொன்ன பிறகுதான் ஆபரேட்டர் பேசவே ஆரம்பிப்பாராம். ரோட் ஐலண்ட் மாநில அரசை ஜனநாயகக் கட்சியினர் வளைத்துப் பிடித்தார்கள் என்ற கோபத்தில், அலுவலக முகப்பில் இருந்த தேசியக் கொடியில் ஒரு நட்சத்திரத்தை வெட்டி எடுக்கச் சொன்னார். கொடியைச் சிதைப்பது சட்டப்படி குற்றம் என்று யாரோ சொல்ல, மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலகட்டத்தில் வாஷிங்டன் நிருபர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், நேர்மை குறைந்த நாளிதழ்கள் வரிசையில் ஹெர்ஸ்ட் குழுமத்துக்கு அடுத்த இடம் ட்ரிப்யூனுக்கு.

இவ்வளவு செய்தும் என்ன ஆச்சு? ரூஸ்வெல்ட் நின்ற நான்கு தேர்தலிலும் இல்லினாய் மாநிலம் அவருக்கே வாக்களித்தது. ட்ரிப்யூன் விற்பனையோ 1940களில் தினமும் பத்து லட்சத்தைத் தாண்டியது. டிக் ட்ரேசி காமிக்ஸுக்காகவும் விளையாட்டுப் பக்கத்துக்காகவும் பத்திரிகையை வாங்கிய சிகாகோ தொழிலாளி, ஓட்டை மட்டும் தன் இஷ்டத்துக்குப் போட்டான்.

பிடிக்காதவனுக்காக ஒரு வழக்கு

இங்கேதான் மெக்கார்மிக்கை ஒரே வரியில் வில்லன் என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

மின்னியாபொலிஸில் ஜே நியர் என்பவர் 1927இல் ஒரு மஞ்சள் பத்திரிகை நடத்தினார். யூத வெறுப்பு, அவதூறு, கூடவே போலீஸுக்கும் ரவுடிகளுக்கும் இருந்த கூட்டு பற்றிய குற்றச்சாட்டுகள். ஒன்பது இதழ்தான் வந்தது. பொதுத் தொல்லை என்று முத்திரை குத்திப் பத்திரிகைகளையே மூட வழிசெய்யும் சட்டம் மின்னசோட்டாவில் இருந்தது. அதை வைத்து நீதிமன்றத் தடை வாங்கி மூடிவிட்டார்கள். நியரிடம் வழக்கு நடத்தக் காசு இல்லை. பெரிய பத்திரிகைகள் பல, இந்தக் குப்பைக்காகவா நாம் சண்டை போடுவது என்று ஒதுங்கின.

மெக்கார்மிக் ஒதுங்கவில்லை. சூடு கண்டவர் அவர். ஹென்றி ஃபோர்டை அராஜகவாதி என்று எழுதியதற்காகப் பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்கு வந்து, 1919இல் ஜூரி ஆறு சென்ட் மட்டும் கொடுக்கச் சொன்ன அனுபவம் இருந்தது. சிகாகோ மேயர் பில் தாம்ப்ஸன் காலத்தில் நகர நிர்வாகமே ஒரு கோடி டாலர் கேட்டு ட்ரிப்யூன் மீது தொடுத்த வழக்கும் 1923இல் தோற்றது. இன்று நியரை மூடினால் நாளை நம்மை மூடுவார்கள் என்று அவருக்குப் புரிந்திருந்தது. தன் வழக்கறிஞர்களையும் பணத்தையும் இறக்கினார்.

1931 ஜூன் 1. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நியர் பக்கம் தீர்ப்பளித்தது. தப்பாக எழுதினால் பிறகு தண்டிக்கலாம். எழுதும் முன்பே வாயை அடைக்கக் கூடாது என்பது சாரம். ஒரு நீதிபதி இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் கதையே வேறு. 1971இல் வியட்நாம் போர் ரகசிய ஆவணங்களை வெளியிட விடாமல் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் ஆகியவற்றைத் தடுக்க நிக்சன் அரசு போனபோது, அந்தப் பத்திரிகைகளைக் காப்பாற்றியது இந்தத் தீர்ப்பு போட்ட பாதைதான்.

அதே மனுஷன் இன்னொன்றும் செய்தார். 1941இல் மார்ஷல் ஃபீல்ட் சிகாகோவில் போட்டிக்கு 'சன்' நாளிதழ் ஆரம்பித்தபோது, அதற்கு அசோசியேட்டட் பிரஸ் செய்தி கிடைக்காதபடி முட்டுக்கட்டை போட்டார். அன்றைய விதிப்படி ஒரே ஊரில் இருக்கும் உறுப்பினர் எதிர்த்தால் புதியவர் நுழைவது மிகக் கஷ்டம். அரசு வழக்குப் போட்டது. பத்திரிகைச் சுதந்திரத்தில் அரசு தலையிடுகிறது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 1945இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுதந்திரம் எனக்கு, கதவு உனக்கு மூடல் என்ற கணக்கு எடுபடவில்லை.

போரும் ரகசியமும்

ஐரோப்பியச் சண்டை நமக்கு எதற்கு என்பது அவருடைய நிலை. அமெரிக்கா ஃபர்ஸ்ட் கமிட்டிக்கு ட்ரிப்யூன் பெரிய ஊதுகுழலாக இருந்தது. ட்ரம்ப் பிரபலமாக்கிய அதே கோஷம்தான்.

1941 டிசம்பர் 4. ஒரு கோடிப் பேர் கொண்ட படை, அதில் பாதி ஐரோப்பாவுக்கு, 1943 ஜூலையில் தாக்குதல் என்று ராணுவத்தின் ரகசியத் திட்டத்தை ட்ரிப்யூன் முதல் பக்கத்தில் போட்டது. 'சன்' முதல் இதழ் வந்ததும் அதே காலையில்தான். போர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ரூஸ்வெல்ட் போருக்குத் தயாராகிறார் என்பது ட்ரிப்யூனின் குற்றச்சாட்டு. மூன்றே நாளில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. ஜெர்மனி போர் அறிவித்தபோது ஹிட்லர் தன் உரையில் அந்தத் திட்டத்தையும் இழுத்தார். அதன்பின் ட்ரிப்யூன் போரை ஆதரித்தது, ரூஸ்வெல்ட்டை அல்ல.

அடுத்தது இன்னும் ஆபத்து. 1942 ஜூனில் மிட்வே கடற்போர். ஜப்பானியக் கடற்படையின் திட்டம் அமெரிக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று கப்பல் விவரங்களோடு ட்ரிப்யூன் எழுதிவிட்டது. படிக்கத் தெரிந்த எவனுக்கும், ஜப்பானியச் சங்கேத மொழி உடைக்கப்பட்டுவிட்டது என்று விளங்கியிருக்கும். உளவுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட அரசு கிராண்ட் ஜூரிக்குப் போனது. ஆனால் குற்றத்தை நிரூபிக்க, சங்கேதத்தை உடைத்த உண்மையைக் கடற்படை ஒப்புக்கொள்ள வேண்டும். கடற்படை வாய் திறக்க மறுத்தது. வழக்கு விழுந்தது. தன் நாட்டு வீரர்களின் உயிரோடு விளையாடிய இந்த ஒரு செய்திக்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை.

போருக்குப் பிறகும் கர்னல் மாறவில்லை. மார்ஷல் திட்டம் வேண்டாம், நேட்டோ வேண்டாம், ஐ.நா. வேண்டாம். கம்யூனிஸ்ட் வேட்டையாடிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்திக்கு ஆதரவு. 1952இல் குடியரசுக் கட்சி தன் செல்ல வேட்பாளர் ராபர்ட் டாஃப்டை விட்டுவிட்டு ஐசன்ஹோவரை நிறுத்தியதும், இந்தக் கட்சியும் வீணாகிவிட்டது, புதுக் கட்சி வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

தலைநகரில் தன் குரல் ஒலிக்க வேண்டும் என்று 1949இல் வாஷிங்டன் டைம்ஸ்-ஹெரால்டை வாங்கினார். ஓடவில்லை. 1954இல் விற்றார், யாரிடம்? வாஷிங்டன் போஸ்ட்டிடம். அந்த ஒரே விற்பனையில் வாஷிங்டனின் காலைச் சந்தை முழுக்க போஸ்ட் கைக்குப் போனது. இன்றும் அமெரிக்க வலதுசாரிகள் திட்டித் தீர்க்கும் பத்திரிகைகளில் ஒன்று அது.

1955 ஏப்ரல் 1 அன்று கான்டிக்னியில் இறந்தார். குழந்தைகள் இல்லை. பண்ணை இப்போது பொதுமக்கள் பூங்கா. 2008இல் ட்ரிப்யூன் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரை ஆதரித்தது, ஒபாமாவை. பத்து வருடம் கழித்து நாளிதழ் டவரைக் காலி செய்தது. அங்கே இப்போது அடுக்குமாடி வீடுகள். கீழே முகப்பு மண்டபத்தில், நியர் வழக்கின் தீர்ப்பிலிருந்து கர்னல் செதுக்கி வைத்த பகுதி கல்லில் இருக்கிறது.