நான்காம் திசையைக் கண்ட அம்மையார்

கனசதுரம் ஒன்றை வரையச் சொன்னால், மாணவர்களே, நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு சதுரம் வரைவீர்கள். சற்றுத் தள்ளி அதே அளவில் மற்றொரு சதுரம் வரைந்து, ஒத்த மூலைகளை நான்கு கோடுகளால் இணைப்பீர்கள். இனி, இரண்டு கனசதுரங்களைச் சற்றுத் தள்ளி வரைந்து, ஒத்த மூலைகளை எட்டுக் கோடுகளால் இணைத்துப் பாருங்கள். 16 மூலைகளும் 32 விளிம்புகளும் கொண்ட ஓர் உருவம் தாளில் தோன்றும். அது நான்கு பரிமாண உருவம் ஒன்றின் நிழல். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுக்கும் செங்குத்தான நான்காவது திசையை நம் விரலால் சுட்ட இயலாது. அத்திசையில் விரியும் வடிவங்களை மனக்கண்ணால் கண்டு, அவற்றின் வெட்டுமுகங்களை அட்டையால் செய்து காட்டியவர் அலிசியா பூல் ஸ்டாட் அம்மையார்.

அலிசியா 1860ஆம் ஆண்டு அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் பூல் புகழ்பெற்ற கணித அறிஞர். இன்றைய கணினிகள் ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளைக் கொண்டு இயங்குவதற்கு அவர் வகுத்த தருக்கக் கணிதமே அடிப்படை. தாய் மேரி எவரெஸ்ட். இப்பெயர் உங்களுக்குப் புதிதன்று. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரும் நில அளவைப் பணியை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்ற ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி உறவில் வந்த மகளே இவர். உலகின் உயர்ந்த சிகரம் அந்த எவரெஸ்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வளவு பெருமை வாய்ந்த குடும்பமாயினும் செல்வம் இல்லை. 1864இல் மழையில் நனைந்தபடியே நடந்து சென்று பாடம் நடத்திய தந்தை, காய்ச்சல் கண்டு மறைந்தார். அலிசியாவுக்கு அப்போது வயது நான்கு. ஐந்து பெண் குழந்தைகளுடன் தாய் இலண்டனுக்குப் பிழைப்புத் தேடிச் செல்ல நேர்ந்தது. அலிசியா மட்டும் பாட்டியின் வீட்டில் சில ஆண்டுகள் வளர்ந்து, பின்னர் இலண்டனில் தாயுடன் சேர்ந்தார். கல்லூரிப் படியை அவர் மிதித்ததில்லை. முறையாகக் கற்ற வடிவியல், யூக்ளிடின் நூலில் முதல் இரண்டு பகுதிகள் மட்டுமே.

அவருக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, சார்லஸ் ஹோவர்டு ஹின்டன் என்னும் இளைஞர் சிறுசிறு மரக் கனசதுரங்களுடன் அவ்வீட்டிற்கு வந்தார். ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் இலத்தீன் பெயர் சூட்டி, அவற்றை அடுக்கியும் மாற்றியும் நான்காம் பரிமாணத்தை உணரச் செய்வது அவர் முறை. பெயர்களை மனப்பாடம் செய்வது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அலிசியாவின் மனத்தில் ஒரு கதவு திறந்தது. விரைவில் அவர் ஹின்டனையே விஞ்சிவிட்டார்.

அவர் கண்ட வழியை உங்கள் சமையலறையிலேயே சோதிக்கலாம். கனசதுரமாக வெட்டிய பன்னீர்த் துண்டு ஒன்றை, ஒரு மூலை நேர் கீழாக இருக்கும்படி பிடித்து, மெல்ல நீரில் அமிழ்த்துங்கள். நீர்ப்பரப்பு அதனை வெட்டும் இடத்தைக் கவனியுங்கள். முதலில் சிறு முக்கோணம். அது வளர்ந்து நடுவில் அறுகோணம். பிறகு மீண்டும் முக்கோணம். நீர்ப்பரப்பிலேயே வாழும் ஓர் உயிருக்குக் கனசதுரம் இப்படித்தான் தோன்றும். அதுபோல நான்கு பரிமாணக் கனசதுரம் நம் உலகை மூலைவழியாகக் கடந்தால், நம் கண்முன் ஒரு நான்முகி முளைத்து, வளர்ந்து, எண்முகியாகி, மறுபடி நான்முகியாகிச் சுருங்கி மறையும்.

மூன்று பரிமாணத்தில் ஒழுங்கான திண்ம வடிவங்கள் ஐந்தே. நான்கு பரிமாணத்தில் ஆறு உள்ளன என்பதை அலிசியா தாமாகவே கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று 120 பன்னிருமுகிகளாலும், மற்றொன்று 600 நான்முகிகளாலும் சூழப்பட்டது. இவற்றின் வெட்டுமுகங்களை வரிசையாக அட்டையில் வெட்டி ஒட்டினார். ஸ்லாஃப்லி என்னும் சுவிஸ் அறிஞர் அந்த ஆறையும் முன்பே கண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது.

1890இல் காப்பீட்டுத் துறைக் கணக்கறிஞர் வால்டர் ஸ்டாட்டை மணந்து, இரண்டு குழந்தைகளுக்குத் தாயானார். வீட்டு வேலைகளுக்கிடையே செய்த அட்டை உருவங்கள் எவரும் அறியாமல் வீட்டிலேயே கிடந்திருக்கலாம். ஆனால் ஒருநாள், நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்கௌட்டே இதே வெட்டுமுகங்களைக் கணக்கிட்டு வெளியிட்டிருப்பதைக் கணவர் வழியே அறிந்தார். துணிந்து தம் உருவங்களின் ஒளிப்படங்களை அவருக்கு அனுப்பினார். பேராசிரியர் கணக்கிட்டு வரைந்தவையும் அம்மையார் கண்டு செய்தவையும் ஒன்றாகவே இருந்தன! வியந்த ஸ்கௌட்டே கோடை விடுமுறைகளில் இங்கிலாந்துக்கு வந்து அவருடன் பணிபுரிந்தார். அவரது தூண்டுதலால் அலிசியாவின் ஆய்வுகள் 1900இலும் 1910இலும் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின.

1910இல் வந்த ஆய்வு மிக அழகியது. கனசதுரத்தின் ஆறு முகங்களையும் வெளிநோக்கித் தள்ளுவதாக எண்ணுங்கள். விளிம்புகள் இருந்த இடங்களில் 12 சதுரங்களும், மூலைகள் இருந்த இடங்களில் 8 முக்கோணங்களும் வந்து பொருந்தி, 26 முகங்கள் கொண்ட புதிய வடிவம் பிறக்கும். இதே விரிவாக்கத்தை அவர் நான்கு பரிமாணத்திலும் செய்து, பல புதிய வடிவங்களைப் பெற்றார்.

1913இல் ஸ்கௌட்டே மறைந்தார். அடுத்த ஆண்டு, தன் முந்நூறாம் ஆண்டு விழாவில், குரோனிங்கன் பல்கலைக்கழகம் கல்லூரி காணாத இப்பெண்மணிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. விழாவுக்கு அவர் செல்லவில்லை. வீட்டுப்பணிக்கே திரும்பி, நெடுங்காலம் வடிவியலை விட்டு விலகியிருந்தார்.

1930இல் அவர் சகோதரியின் மகனான இயற்பியல் அறிஞர் ஜி. ஐ. டெய்லர், காக்ஸிட்டர் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவரை அறிமுகம் செய்தார். அம்மையாருக்கு வயது 70, மாணவருக்கு 23. இருவரும் நண்பராகிச் சேர்ந்து ஆய்ந்தனர். காக்ஸிட்டர் பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த வடிவியல் அறிஞருள் ஒருவரானார். அலிசியாவை அத்தை என்றே அழைத்தார். அட்டை உருவங்களில் ஒரு தொகுதியை அம்மையார் கேம்பிரிட்ஜுக்கே கொடுத்துவிட்டார்.

அலிசியா 1940இல் மறைந்தார். 2001இல் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பழைய தாள்சுருள் ஒன்று கிடைத்தது. விரித்துப் பார்த்தபோது, அதில் வடிவியல் உருவங்கள் நெருக்கமாக வரையப்பட்டிருந்தன. வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. அவை யாருடைய கைவண்ணம் என்பதை ஆய்வாளர்கள் அந்த உருவங்களைக் கொண்டே கண்டுகொண்டனர்.