பெல் பாதிரியாரும் திண்ணைப் பள்ளியும்

கம்பம் பள்ளத்தாக்கிலும் பிற தமிழூர்களிலும் முன்னோர் கல்வி திண்ணையிலே நடைபெற்றது. மணலில் விரலால் எழுத்து வரைவதும், சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணாக்கன் இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பதும் அப்பள்ளிகளின் வழக்கம். இவ்வழக்கத்தை மேனாட்டார் மதிக்கச் செய்தவர் ஆண்ட்ரூ பெல் பாதிரியார். ஆசிரியத் தொழிலை நாடுவோர் பலர் நம்மிடை உளராதலின், அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பெல் 1753-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிற் பிறந்தார். அமெரிக்காவில் வர்ஜீனியா நாட்டிற் சில்லாண்டு வாழ்ந்து, 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் போர்வீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வையை அவர் ஊதியம் பெறாமலே ஏற்றார்.

அங்கே பாடம் செவ்வனே நடைபெறவில்லை. ஒருநாட் காலை குதிரைமீது சென்றவர், திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த விழைந்தார். துணையாசிரியர்களோ அஃது இயலாதென்றனர். பெல் மனந்தளராது, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியோர் இயலாதென்றதை அச்சிறுவன் செய்து காட்டினான்! அதன்பின் வகுப்புத்தோறும் கற்றவனும் கல்லாதவனும் இணையாக அமர்த்தப்பெற்றனர். அருகிலிருப்பவன் பிழையை உடனே காண்பான். அதனைத் திருத்துங்கால் தன் பாடத்தையும் மறுமுறை கற்பான்.

பெல் 1796-இல் இந்தியாவை விட்டு நீங்கி, மறு ஆண்டே இம்முறையை நூலாக வெளியிட்டார். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியச் சங்கம் தோன்றியபின், அதன் பள்ளிகளில் இது பரவிற்று. 1832-இல் அவர் காலமாகவே, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் பிறந்த ஊரில் இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பள்ளி விளங்குகின்றது.

இம்முறை குற்றமற்றதன்று. மனப்பாடமே மிக்கிருந்தது, சிறு செலவிற் பெருங்கூட்டத்தை நடத்தும் நோக்கமும் கலந்திருந்தது. அன்றியும், சென்னை முறை என உலகு புகழ்ந்தபோதும், பெல் கண்ட அத்திண்ணை ஆசிரியரின் பெயர் வரலாற்றில் இடம்பெறவில்லை. இஃது நம் நெஞ்சை வருத்துகின்றது.

ஆயினும் ஒன்று தெளிவு. மேற்பார்வையாளர் அறியாததைத் திண்ணைப் பிள்ளைகள் அறிவித்தனர். அவரும் அதனை ஏற்க நாணவில்லை. நாளை தேனியிலோ போடியிலோ வகுப்பறை புகவிருக்கும் நண்பர்காள்! உங்கள் பாடக்குறிப்பை முதலில் உடன்பயிலும் தோழர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே விளங்காது மயங்குகின்றாரோ, அங்கே திருத்துங்கள். தோழர் சுட்டும் குறையைப் பொறுத்தல் நமக்குச் சிறிது நேர வருத்தமே. அக்குறையோடு வகுப்பிற் புகின், வருந்துவோர் நம்மிடம் பயிலும் சிறுவர் ஆவர்.