நிக்கோலா அப்பேர்: உணவைக் காத்தவர், உடைமையைக் காக்கத் தவறியவர்

இன்று உலகின் எந்த நகரத்துக் கடையிலும் தகர டப்பாக்களில் அடைக்கப்பட்ட மீனும், பழக்கூழும், பயறு வகைகளும் கிடைக்கின்றன. அறுவடையான சில நாட்களில் அழுகிவிடக்கூடிய ஒரு விளைபொருளை, பல மாதங்களுக்குப் பின்னரும் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலும் விற்கத்தக்க பண்டமாக மாற்றும் இந்தத் தொழில்நுட்பத்துக்கு அடித்தளமிட்டவர் பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர். அவர் விஞ்ஞானியோ பொறியியலாளரோ அல்லர். சமையற்காரராகவும் இனிப்புப் பண்ட வியாபாரியாகவும் வாழ்வைத் தொடங்கியவர்.

பிரான்ஸின் வடகிழக்கில் உள்ள ஷாலோன் நகரில், விடுதி நடத்திவந்த குடும்பமொன்றில் 1749ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் பிறந்தார். மது வடித்தல், உணவைப் பதப்படுத்துதல், சமையல் ஆகியவற்றை இளமையிலேயே கற்றுக்கொண்டார். பின்னர் ஜெர்மானியச் சிற்றரசுகளில் ஒன்றான ஸ்வைபுரூக்கன் பிரபுவின் அரண்மனையில் பணியாற்றினார். 1784இல் பாரிஸ் திரும்பி, லொம்பார் வீதியில் இனிப்புக் கடை ஒன்றைத் திறந்தார்.

1789இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சியில் அவர் ஆர்வத்துடன் பங்கெடுத்தார். ஆயினும் பயங்கர ஆட்சி என்று வரலாற்றில் அழைக்கப்படும் காலப்பகுதியில், 1794இல், அவரும் கைதுசெய்யப்பட்டுச் சில மாதங்கள் சிறைவைக்கப்பட்டார். விடுதலையான பின்னர் அரசியலிலிருந்து பெரும்பாலும் விலகி, உணவுப் பாதுகாப்பு முறைகளை ஆராய்வதில் அவர் கவனம் திரும்பியது.

சோதனைகளும் தொழிற்சாலையும்

அக்காலத்தில் உணவைக் கெடாமல் வைத்திருக்க உப்பு, சர்க்கரை, புளிக்காடி, புகை, வெயில் ஆகியவையே வழி. இவை அனைத்தும் உணவின் சுவையையும் இயல்பையும் மாற்றிவிடுபவை. நீண்ட கடற்பயணங்களில் உப்பிட்ட இறைச்சியையும் உலர்ந்த ரொட்டியையுமே உண்ட மாலுமிகள், வைட்டமின் சி குறைபாட்டால் ஏற்படும் ஸ்கர்வி நோய்க்குப் பெருமளவில் பலியாகினர்.

அப்பேர் கையாண்ட முறை எளிமையானது. ஷாம்பெய்ன் மதுவுக்குப் பயன்படும் தடித்த கண்ணாடிப் புட்டிகளின் வாயை அகலமாக்கி, அவற்றில் உணவை நிரப்பினார். தக்கையால் இறுக அடைத்து, கம்பியால் கட்டினார். புட்டிகள் மோதி உடையாதிருக்கத் துணிப்பைகளில் இட்டு, கொதிநீரில் குறிப்பிட்ட நேரம் வைத்தார். எந்த உணவுக்கு எவ்வளவு நேரம் என்பதை ஆண்டுக்கணக்கில் நடத்திய சோதனைகள் மூலமாகவே அவர் கண்டறிந்தார்.

பாரிஸுக்குத் தெற்கே உள்ள மாசி என்ற ஊரில், தாமே காய்கறி பயிரிட்டு அங்கேயே அவற்றைப் புட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றை 1800களின் தொடக்கத்தில் அவர் அமைத்தார். வயலும் ஆலையும் அருகருகே இருக்க வேண்டும் என்பது இன்றைய உணவுப் பதப்படுத்தல் தொழிலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பறித்த பட்டாணி வாடுவதற்குள் புட்டிக்குள் சென்றது. பின்னர் குளிர்காலத்தில் பாரிஸ் கடைகளில் விற்பனையானது. பிரெஞ்சுக் கடற்படையும் பிரெஸ்ட் துறைமுகத்தில் இந்த உணவுகளைச் சோதித்து, சில மாதங்களுக்குப் பின்னரும் அவை நன்றாக இருப்பதாக அறிக்கை அளித்தது.

12,000 பிராங்க்குகள்

1795இல் நெப்போலியன் ஒரு பரிசை அறிவித்ததாகவும், அதை அப்பேர் வென்றதாகவும் பல நூல்கள் கூறிவருகின்றன. ஆனால் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதே 1799இல்தான். அப்பேருக்குக் கிடைத்த தொகை 1810இல் பிரெஞ்சு உள்துறை அமைச்சு வழங்கியது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. கண்டுபிடிப்புக்கான காப்புரிமையைப் பெற்று இரகசியத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்வது அல்லது முறையை நூலாக வெளியிட்டு, அதன் 200 பிரதிகளை அரசிடம் அளித்து 12,000 பிராங்க்குகளைப் பெற்றுக்கொள்வது என்ற இரு வழிகளில் அப்பேர் இரண்டாவதைத் தேர்ந்தார். அதே ஆண்டில் அவரது நூல் வெளியானது.

இந்த முடிவின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1810 ஆகஸ்ட் மாதம், லண்டனில் பீட்டர் டுராண்ட் என்ற வணிகர் இதே முறைக்கு ஆங்கிலக் காப்புரிமையைப் பெற்றார். வெளிநாட்டவர் ஒருவர் தமக்குத் தெரிவித்த முறை இது என்று அதில் அவரே குறிப்பிட்டிருந்தார். கண்ணாடிக்குப் பதிலாக வெள்ளீயம் பூசிய தகரக் கலன்களையும் பயன்படுத்தலாம் என்பது அதில் இருந்த முக்கிய அம்சம். அந்தக் காப்புரிமையை 1,000 பவுண்டுகளுக்கு வாங்கிய பிரையன் டோங்கின் என்ற பொறியியலாளர், தம் கூட்டாளிகளுடன் 1813இல் லண்டன் பெர்மண்ட்சிப் பகுதியில் தொழிற்சாலையைத் தொடங்கினார். பிரிட்டிஷ் கடற்படை அதன் வாடிக்கையாளரானது.

பிரான்ஸின் படைகளுக்கு உதவும் என்று ஊக்குவிக்கப்பட்ட ஒரு முறை, அதன் எதிரி நாட்டிலேயே பெருந்தொழிலாக வளர்ந்தது. பிரிட்டனில் இரும்புத் தொழிலும் பொறியியல் பட்டறைகளும் முதலீடும் ஏற்கனவே இருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். அப்பேரோ, 1814, 1815ஆம் ஆண்டுகளில் பிரான்ஸை ஆக்கிரமித்த அந்நியப் படைகளால் தமது மாசி தொழிற்சாலையை இழந்தார்.

காரணம் தெரியாத வெற்றி

அப்பேர் தமது முறை பலனளிப்பதை அறிந்திருந்தார். ஏன் பலனளிக்கிறது என்பதை அறியவில்லை. புகழ்பெற்ற வேதியியலாளரான கே-லுசாக், புட்டிக்குள் உயிர்வளி இல்லாமையே உணவு கெடாததற்குக் காரணம் என்று விளக்கினார். அந்த விளக்கம் தவறு என்பது, 1860களில் லூயி பாஸ்டரின் ஆய்வுகள் நுண்ணுயிர்களின் பங்கை நிறுவிய பின்னரே தெளிவானது. வெப்பத்தால் மதுவைப் பாதுகாப்பதில் அப்பேர் தமக்கு முன்னோடி என்பதைப் பாஸ்டர் ஏற்றுக்கொண்டார்.

இந்த அறியாமைக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1852இல் பிரிட்டிஷ் கடற்படைக்கு கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரர் வழங்கிய இறைச்சிக் கலன்களைத் திறந்து பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை அழுகியிருந்தன. கலனின் அளவைப் பெரிதாக்கினால் வெப்பம் அதன் மையத்தைச் சென்றடைய அதிக நேரம் பிடிக்கும் என்பது கவனத்தில் கொள்ளப்படாததே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. கொதிநீரையும் தாங்கிப் பிழைக்கும் நுண்ணுயிர் வித்துக்கள் உள்ளன என்பதை, 1890களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிரெஸ்காட், அண்டர்வுட் ஆகியோர் நடத்திய ஆய்வுகள் காட்டின. எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்ற கணக்கு அதன் பின்னரே கைப்பக்குவத்திலிருந்து அறிவியலாக மாறியது.

வறுமையில் முடிந்த வாழ்வு

அப்பேர் முதுமையிலும் ஆய்வை நிறுத்தவில்லை. அழுத்தத்தில் நீராவியால் சூடாக்கும் கலன்களை மேம்படுத்தினார். தகரக் கலன்களுக்கும் மாறினார். 1822இல் பிரான்ஸின் தேசியத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் அவருக்கு மனிதகுலத்தின் கொடையாளர் என்ற பட்டத்தை வழங்கியது. ஆனால் பட்டம் கடனை அடைக்கவில்லை. ஆய்வுகளுக்கே பணம் செலவான நிலையில், சிறியதொரு ஓய்வூதியத்துடன் மாசியில் கடைசிக் காலத்தைக் கழித்த அவர், 1841 ஜூன் மாதம் தமது 91ஆவது வயதில் காலமானார். ஏழைகளுக்கான பொதுப் புதைகுழியிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அப்பேரின் வாழ்வு எழுப்பும் கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை. விளைபொருளின் மதிப்பைத் தொழில்நுட்பம் உயர்த்துகிறது. அந்தக் கூடுதல் மதிப்பு யாரைச் சென்றடைகிறது என்பதே அக்கேள்வி. தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரிப் பகுதியில் விளையும் மாம்பழம், அங்குள்ள ஆலைகளில் கூழாக்கப்பட்டு அப்பேர் வகுத்த அதே வெப்பக் கோட்பாட்டின் அடிப்படையில் அடைக்கப்பட்டு வெளிநாடுகளுக்குச் செல்கிறது. ஆனால் விளைச்சல் மிகும் பருவங்களில் பழத்தின் கொள்முதல் விலை குறித்து விவசாயிகள் குறை கூறுவது அங்கு வழமையாகிவிட்டது.

முறையை உலகுக்குத் திறந்துவைத்ததால் அப்பேர் இழந்தார், உலகம் பெற்றது. அவர் அதை மறைத்து வைத்திருந்தால், இத்தொழில் பரவ மேலும் பல ஆண்டுகள் ஆகியிருக்கக்கூடும். கண்டுபிடித்தவருக்கும் விளைவித்தவருக்கும் உரிய பங்கை உறுதிசெய்யும் ஏற்பாடு இல்லாத இடத்தில், கருவிகளும் முதலும் சந்தையும் யார் கையில் உள்ளனவோ அவர்களிடமே பயனின் பெரும்பகுதி சென்று சேரும் என்பதையே, மாசியிலிருந்து பெர்மண்ட்சிக்குச் சென்ற அந்தத் தொழிலின் வரலாறு காட்டுகிறது.