ஆட்டுப்பாலில் ஒளிந்திருந்த காய்ச்சல்

கறவை ஆடு வைத்திருக்கிறீர்களா? தெமிஸ்டோக்கிளிஸ் சம்மித் என்ற பெயரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

1864-ல் மத்திய தரைக்கடல் தீவான மால்டாவில் பிறந்த மருத்துவர் இவர். அங்கே ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டிச்சென்று, வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். கண்ணெதிரே கறந்த பால் என்பதால், பலர் காய்ச்சாமலே குடித்தனர். விட்டுவிட்டு வாரக்கணக்கில் அடிக்கும் காய்ச்சலும் மூட்டுவலியும் தீவை வாட்டின. 1887-ல் டேவிட் புரூஸ் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

1905-ல் சம்மித் ஆடுகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். நன்றாக மேய்ந்து, நன்றாகக் கறந்த ஆடுகளிலேயே நோயின் தடயம் இருந்தது. பாலிலும் கிருமி வெளியேறியது தெரியவந்தது. மறுஆண்டு ராணுவத்தினருக்குப் பச்சை ஆட்டுப்பால் நிறுத்தப்பட, அவர்களிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. பொதுமக்கள் பழக்கத்தை விடவில்லை. நோயும் அவர்களை விடவில்லை.

பின்னர் தொல்லியலிலும் பெயர் பெற்ற சம்மித் 1935-ல் மறைந்தார். மால்டாவில் பால் பதப்படுத்தும் நிலையம் வந்தது 1938-ல்தான்.

புருசெல்லோசிஸ் எனும் இந்நோய் செம்மறிக்கும் வரும். மந்தையில் அடுத்தடுத்து ஆடுகள் குட்டி வீசினால், கால்நடை மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஆடு கொழுகொழுவென்று இருந்தாலும் பாலைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.